மருந்துப் பெட்டிமேல் ஒரு பகல்

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். ஜமுனாமரத்தூர் வாரச் சந்தையில், மூட்டு வலிக்கு மருந்து விற்கிற ஒருவரின் தகரப் பெட்டிமேல் நான் காலையில் ஏறி உட்கார்ந்தேன். சாயந்திரம் வரை இறங்கவில்லை. "இவளுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சு" என்று சந்தையே பேசியது. என் கொழுந்தன் பெட்ரோல் பாட்டிலோடு எதிரே நின்றான். அப்போதும் நான் அசையவில்லை. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் இந்த ஜவ்வாது மலையில் பிறந்து, இந்த மலையிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்களுக்குக் கொஞ்சம் சாமை, கேழ்வரகு விளைகிற நிலமும் சில புளிய மரங்களும் உண்டு. சந்தை நாளில் சாமை அரிசி, புளி, தேன் மூன்றையும் விரித்து வைத்து விற்பேன். எடையில் ஏமாற்ற மாட்டேன், பேச்சில் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். என் வாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்குப் பக்கத்து இடம்தான் அந்த மருந்துக்காரருடையது. அடிவாரத்து ஆள். மூட்டு வலி, இடுப்பு வலி, வாய்வுப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சூரணம். பொட்டலத்தின்மேல் பச்சை எழுத்தில் 'ஜவ்வாது மலை மூலிகை' என்று அச்சடித்திருக்கும். "எங்க மலைப் பச்சிலைய எங்ககிட்டயே விக்கிறியே அண்ணே, கொல்லன் தெருவுல ஊசியா?" என்று நான் கிண்டல் செய்வேன். "உன் வூட்டுக்காரரு நடக்குறதப் பாத்துட்டு அப்பறம் பேசு தங்கச்சி" என்பார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. மரமேறி மரமேறி முழங்கால் தேய்ந்துபோய், எழுந்திருக்கும்போதே "அம்மாடி" என்று கத்துகிற என் கணவர், அந்தச் சூரணம் சாப்பிட்டு ஒரு வாரத்திலேயே கொல்லை மேட்டில் விறுவிறுவென்று ஏறினார். பசி எடுத்தது. ஒட்டிப்போயிருந்த கன்னம் பூரித்து முகம் வட்டமாகிவிட்டது. "இன்னா, மாமியார் வூட்டு விருந்தா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்களில் பாதிப் பேர் வாங்க ஆரம்பித்தார்கள்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையில் பனியும் ஈரமும் அதிகம். எந்தப் பொடி மருந்து வாங்கினாலும் அன்றைக்கே பொட்டலத்தைப் பிரித்துத் தேனில் கொட்டிக் குழைத்து பாட்டிலில் போட்டுவிடுவோம். கெடாது, எறும்புக்கும் பயமில்லை, காலையும் மாலையும் ஒரு கரண்டி வழித்து நக்கினால் போதும். பொட்டலத் தாள் அடுப்புக்குப் போய்விடும். யாரும் யோசித்துச் செய்வதில்லை, அதுபாட்டுக்கு நடக்கும். மருந்துக்காரரும் "மலைத்தேன்ல குழைச்சு சாப்புடு" என்றுதான் சொல்வார். வாங்கினவர்கள் அப்படியே திரும்பி என்னிடம் தேன் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் ஏறி வரவில்லை. மருந்துக்காரரும் சில சந்தைகளுக்கு வரவில்லை. வீட்டு பாட்டில் காலியானது. சரி, வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். என் கணவருக்கு முதலில் உடம்பெல்லாம் வலி. பிறகு வாந்தி. கஞ்சி கூட உள்ளே தங்கவில்லை. ஒரு நாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் கொட்டகையிலேயே விழுந்துவிட்டார். கண் சொருகிவிட்டது. கை சில்லென்று இருந்தது. பாதை அப்போதுதான் சரியாகியிருந்தது. ஒரு வண்டி பிடித்து அமிர்தி வழியாக வேலூருக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு எந்தெந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். "என்ன மருந்து சாப்பிடுறாரு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லிங்க, வெறும் நாட்டு மருந்துதான்" என்று பட்டென்று சொன்னேன். அவர் என் கணவரின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றில் இருந்த கோடுகளைப் பார்த்தார், முகம் எப்போதிலிருந்து இப்படி உப்பியிருக்கிறது என்று கேட்டார். எங்களுக்குப் பெருமையாக இருந்த முகத்தை அவர் உப்பல் என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அது வலியை அமுக்கும், பசியைத் தூண்டும், முகத்தை உப்ப வைக்கும். ஆனால் வெளியிலிருந்து அது வரவர, உடம்பு தானே அதே மாதிரி ஒன்றைச் சுரப்பதை நிறுத்திவிடும். அப்புறம் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஆள் விழுந்துவிடுவார், உயிரே கூடப் போகலாம். என் கணவரைக் காப்பாற்ற அதே ஸ்டீராய்டைத்தான் ஊசியாகப் போட்டார்கள். சாயந்திரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுது முடித்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! "அந்தப் பொட்டலம் ஒண்ணு கொண்டு வாங்க" என்றார் டாக்டர். பொட்டலத்துக்கு எங்கே போவேன்? வீட்டில் தேன் பாட்டிலை வழித்துக் கழுவிக்கூட வைத்தாகிவிட்டது. உறவுக்காரர்களுக்கு ஒருவர் விடாமல் போன் போட்டேன். எல்லார் வீட்டிலும் அதே கதைதான். "தேன்ல கொழச்சிட்டோமே" என்றார்கள்.

டாக்டரே மருந்து ஆய்வாளருக்குத் தகவல் சொன்னார். அந்த அதிகாரி என்னிடமும் போனில் பேசினார். தேனில் கலந்ததைக் கொடுத்தால் கோர்ட்டில் நிற்காது, தேனிலேயே ஏதோ இருந்தது என்று வக்கீல் சொல்லிவிடுவார், விற்கிறவரிடம் இருக்கிற பிரிக்காத பொட்டலத்தைத் தாங்களே முறைப்படி எடுத்தால்தான் வழக்கு நிற்கும் என்றார். "சந்தை அன்னிக்கு மலைக்கு வர்றேங்க. ஆளை மட்டும் அடையாளம் காட்டுங்க. அதுவரைக்கும் அந்தச் சரக்கை யாரும் தொடக்கூடாது" என்றார்.

கணவருக்குத் துணையாக என் தங்கையை விட்டுவிட்டு, சந்தை நாளில் முதல் பஸ்ஸில் மலையேறினேன். மருந்துக்காரர் கடை விரித்துக்கொண்டிருந்தார். "இன்னா தங்கச்சி, மச்சான் சௌக்கியமா? மழையில வர முடியல" என்று சிரித்தார். ஓங்கி அறையக் கை பரபரத்தது. "டவுனுக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு, என் மூட்டையைக்கூட அவிழ்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரியின் ஜீப் வரவில்லை, என் கொழுந்தன் வந்தான். கூடவே இளவட்டங்கள் ஒரு கும்பல். ஆஸ்பத்திரிச் செய்தி அதற்குள் ஊருக்குள் பரவிவிட்டது. வந்த வேகத்தில் மருந்துக்காரரின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, "எங்கண்ணன சாவடிக்கப் பாத்தியேடா" என்று கன்னத்தில் ஒன்று விட்டான். பொட்டலங்களை எல்லாம் பெட்டிக்குள் அள்ளிப் போட்டார்கள். ஒருவன் பைக்கிலிருந்து பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வந்து கொழுந்தன் கையில் கொடுத்தான். எங்கள் ஊர் நியாயத்தைப் பார்க்கிற ஊர்க்கவுண்டரும் வந்து சேர்ந்தார். "சந்தை நடுவுல வெச்சுக் கொளுத்துங்க. அவன் ஊர்க் கால்ல வுழுந்துட்டு மலைய வுட்டு எறங்கட்டும். அத்தோட தீந்துது" என்றார். எங்கள் வழக்கம் அதுதான். எந்தத் தகராறும் அன்றைக்கே, எல்லார் முன்னாலும், அந்த இடத்திலேயே தீர்ந்துவிட வேண்டும். மறுநாளைக்குக் கொண்டு போகக் கூடாது. நல்ல வழக்கம்தான், பல குடும்பம் அதனால் பிழைத்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதைச் செய்திருந்தால் கெட்டது குடி.

நான் பாய்ந்து போய் பெட்டியின் மூடியைப் படாரென்று சாத்தினேன். "பூட்டுண்ணே" என்று மருந்துக்காரரிடம் கத்தினேன். அவர் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். அடுத்த நொடி நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணி, எய்ந்திரு."

"முடியாது."

"அண்ணன் அங்க உயிருக்குப் போராடிக்கினு கீறான். நீ இந்தப் பாவிக்குக் காவலா குந்திக்கினு கீறியா?"

"இவனுக்குக் காவல் இல்லடா, பெட்டிக்குக் காவல். இத எரிச்சிட்டா கோர்ட்டுல இன்னாத்தக் காட்டுவ? சாம்பலையா?"

கூட்டத்திலிருந்து பதில் வந்தது. ஒருத்தி, "தேன் யாவாரம் படுத்துடும்னு குந்திக்கினு கீறாடி இவ" என்றாள். எனக்குச் சுறுசுறுவென்று ஏறிவிட்டது. "ஆமாண்டி, எம் புருசன் பொழைச்சா போதும், தேன கொண்டுபோய் ஓடையில ஊத்துறேன், வந்து மொண்டுக்கோ" என்றேன். உண்மையைச் சொன்னால் அவள் பேச்சு வலித்தது. அந்த மருந்தால் எனக்கும் நாலு பாட்டில் தேன் கூடுதலாக விற்றது நிஜம்தானே.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குள் இருந்தது. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வீட்டில் அந்தத் தேன் பாட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது! கோபத்தில் எல்லாரும் இன்றைக்கே வீசி எறிந்துவிட்டால், நாளைக்கும் மறுநாளும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் என் கணவர் மாதிரி விழுவார். இந்த மலையிலிருந்து எத்தனை பேரை வண்டி பிடித்துக் கொண்டு போய்ச் சேர்க்க முடியும்? பெட்டிமேல் உட்கார்ந்தபடியே, சாமை கூவி விற்கிற என் குரலை எல்லாம் திரட்டிக் கத்தினேன். "இத சாப்புடுறவங்க யாரும் தானா நிறுத்தாதீங்க. இங்க இருக்குற கவுர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க. இந்தப் பொடி தின்னேன்னு மறைக்காம சொல்லுங்க. டாக்டர் கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும்."

"வெஷம்னும் சொல்ற, நிறுத்தாதன்னும் சொல்ற. இன்னாடி பேச்சு இது?" என்று சண்டைக்கு வந்தாள் என் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் இடுப்பு வலிக்கு அதைச் சாப்பிடுகிறவள்தான்.

"உம் மூஞ்சியத் தடவிப் பாரு. போன தை மாசம் இப்படியா இருந்துது?" என்றேன்.

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் தொட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே உட்கார்ந்திருந்த மருந்துக்காரரும் அடிபட்ட கன்னத்தை மெல்லத் தடவினார். அப்போதுதான் நான் கவனித்தேன். அத்தனை பேரிலும் வட்டமான முகம் அவருடையதுதான்.

"அண்ணே, நீயும் இத சாப்புடுறியா?"

"தெனமும் தங்கச்சி. என் பொண்டாட்டியும் சாப்புடுறா. பொட்டலமாத்தான் எனக்கு வரும். மேல மூலிகைன்னு போட்டிருக்குதே, நான் இன்னாத்தக் கண்டேன்?" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அவளுக்கு இப்ப யாரு போய் சொல்றது?"

என் கோபம் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது இன்னும் பெரிதாகி, இவரைத் தாண்டிப் போய்விட்டது. இந்தப் பொட்டலத்தைக் கட்டி அனுப்புகிறவன் எங்கேயோ நிழலில் உட்கார்ந்திருக்கிறான். இங்கே எரித்தால் அவனுக்கு என்ன சேதம்? அடுத்த வாரம் வேறு மலைக்கு, வேறு ஆளிடம், வேறு பெயர் போட்டு அனுப்புவான். மருந்துக்காரரிடம் என் போனைக் கொடுத்து முதலில் மனைவியிடம் பேசச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போ, நிறுத்திப்புடாத" என்று அவர் சொல்வதைக் கூட்டமே கேட்டது. அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். அவள் பின்னாலேயே சிலர் போனார்கள்.

மதியம் ஆனது. கொண்டை ஊசி வளைவில் புளி லாரி ஒன்று சிக்கி, ஜீப் அதற்குப் பின்னால் நிற்பதாகத் தகவல் வந்தது. தூறலும் பிடித்தது. யாரோ என் தலைமேல் தார்ப்பாய் பிடித்தார்கள், டீ கொண்டு வந்தார்கள். எல்லாம் சரி, காலையிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிற பொம்பளைக்கு வருகிற அவஸ்தை ஒன்று உண்டே! அதற்கு என்ன செய்வது? எழுந்தால் பெட்டி போய்விடும். எழாவிட்டால் மானம் போய்விடும். சுற்றிலும் பார்த்தேன். யாரை நம்புவது? கடைசியில் கொழுந்தனைக் கூப்பிட்டேன். அவன் கையில் இன்னும் அந்த பெட்ரோல் பாட்டில் இருந்தது.

"நீ வந்து குந்துடா."

"நானா?"

"நீதான். உங்கண்ணன் மேல சத்தியம் பண்ணிட்டுக் குந்து. நான் போய்ட்டு வர்றேன்."

அவன் என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். நான் போய்விட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினால், அவன் காலை அகட்டி வைத்துக்கொண்டு, கிட்டே வந்த இளவட்டங்களை விரட்டிக்கொண்டிருந்தான். "ஒருத்தன் கை வெச்சான், மவனே கைய ஒடிச்சிடுவேன். சாட்சிப் பொருளு இது!" என் பயம் போன இடம் தெரியவில்லை. அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஜீப் வந்தது. வந்த அதிகாரி சத்தம் போடவில்லை, யாரையும் மிரட்டவில்லை. மருந்துக்காரரையே பூட்டைத் திறக்கச் சொன்னார். எதற்காக எடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார். எடுத்த பொட்டலங்களுக்கு விலையும் கொடுத்தார்! பிறகு அவற்றைத் தனித்தனிப் பங்காகப் பிரித்துத் துணியில் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று கோர்ட்டுக்கு. ஒரு பங்கை மருந்துக்காரரிடமே நீட்டினார். கூட்டம் கொதித்துவிட்டது. "திருடனுக்கும் பங்கா?"

அதிகாரி பொறுமையாகச் சொன்னார். "அவரும் தனியாச் சோதிச்சுப் பாக்கலாங்க. நாளைக்கு நாங்க மாத்தி வெச்சுட்டோம்னு ஒருத்தரும் சொல்லக் கூடாதில்ல?" இன்னொரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டு, இது யாரிடமிருந்து வந்ததோ அவருக்கு என்றார். "சொல்லுங்க, யார் குடுத்தது?" மருந்துக்காரர் ஒளிக்காமல் சொன்னார். எடுத்ததைப் பார்த்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றபோது கூட்டம் நைசாகப் பின்வாங்கியது. கோர்ட், கச்சேரி என்றால் எங்கள் ஜனங்களுக்கு அத்தனை பயம். கொழுந்தன்தான் முன்னால் வந்து பேனாவை வாங்கினான். பிறகு ஊர்க்கவுண்டரும் வந்து, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

பரிசோதனையில் டாக்டர் சொன்னதுதான் வந்தது. அடிவாரத்தில் ஒரு கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். அங்கே மூலிகை மருந்து என்று சொல்லித் தவிட்டில் மாத்திரையைக் கலந்து அரைத்துக்கொண்டிருந்தார்களாம். வழக்கு நடந்தது. நானும் கூண்டேறினேன். கைகால் நடுங்கவில்லை, பொய் சொல்லப் போனால்தானே நடுங்கும்? எதிர்த்தரப்பு வக்கீல் என் தேன் வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டு உலுக்கினார். தேனில்தான் கலப்படம் இருந்திருக்கும் என்றார். "ஐயா, நான் குந்தினது தேன் பாட்டில் மேல இல்லிங்க, பூட்டுன பெட்டி மேலங்க" என்றேன். நீதிபதி குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

பொட்டலம் கட்டியவனுக்குச் சிறை கிடைத்தது. மருந்துக்காரருக்கும் தண்டனை உண்டு. தெரியாமல் விற்றேன் என்றால் சட்டம் விட்டுவிடாதாம், லைசென்ஸ் இல்லாமல் விற்றதே குற்றமாம். ஆனால் ஒளிக்காமல் ஆளைக் காட்டிக் கொடுத்ததால் குறைத்தார்கள். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

என் கணவர் ஊன்றுகோலோடு நடக்கிறார். மரம் ஏறுவதில்லை. முழங்கால் வலிக்கிறது என்று தினமும் புலம்புகிறார், நானும் திட்டிக்கொண்டே ஒத்தடம் கொடுக்கிறேன். கன்னம் மறுபடி ஒட்டிவிட்டது. அந்த ஒட்டின கன்னத்தைப் பார்க்கிறபோது எனக்கு வருகிற நிம்மதியை எழுதிக் காட்ட என்னால் முடியாது. அந்த மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் அந்தப் பொடியைச் சாப்பிட்டவர்களில் என் கணவருக்குப் பிறகு யாரும் விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கும் என்னிடம் சண்டைக்கு வருகிறாள். வரட்டும், சண்டை போட அவள் உயிரோடு இருக்கிறாளே!

தீர்ப்பு வந்த அன்று பஸ்ஸில் திரும்பும்போது கொழுந்தன் சொன்னான், "அன்னிக்கே எரிச்சிருந்தா மனசு ஆறியிருக்கும் அண்ணி." "உன் மனசு ஆறியிருக்கும்டா. ஊர்ல எத்தன வூட்டுல எழவு வுழுந்திருக்கும்?" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இப்போதும் கோபம் வந்தால் என் கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில் எனக்கோ வேறு யாருக்கோ வேண்டிய ஒரு உண்மையும் சேர்ந்து எரிந்துவிடுமோ என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கையை ஓங்குகிறேன்.